பிரதாப் வீட்டுக்கு ஒரு கடுதாசி

நாகலெட்சுமி வாசலில் விளக்குமாற்றோடு நிற்பதைக் கண்டாலே தனுஜா கதவைச் சாத்திக்கொள்வாள். காலையில் கூட்டிய வாசலை மாலையிலும் ஒருத்தி கூட்டுகிறாள் என்றால் குப்பைக்காகவா கூட்டுகிறாள்? வருகிறவர் போகிறவரைப் பார்த்துவைக்கத்தான்.

தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், ஏழாம் நம்பர் காம்பரா தனுஜாவுடையது. அவளுடைய அப்பா இருந்து செத்த காம்பரா. எட்டாம் நம்பர் நாகலெட்சுமியுடையது. நடுவில் ஒரு சுவர் உண்டு. சுவர் என்று பேர்தான். கூரைத் தகரம் வரை போகாமல் முக்கால்வாசியில் நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரன் சிமெந்தை மிச்சம் பிடித்தானோ என்னவோ, அவன் மிச்சம் பிடித்ததன் பலனை நூறு வருஷமாக லயத்துச் சனம் அனுபவிக்கிறது. இந்தப் பக்கம் ஒருத்தர் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து கொத்தமல்லி போட்டுக் குடிக்கச் சொல்லிப் பதில் வரும்.

அப்படிப்பட்ட சுவரை வைத்துக்கொண்டுதான் நாகலெட்சுமி பொலிசில் அப்படிச் சொன்னாள். புருஷன் பிரதாப் தனுஜாவின் இடது கையை முறுக்கி ஒடித்த அன்று நடந்ததைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு ஒன்னும் கேக்கலைங்க. ரேடியோ போட்டிருந்தேன்" என்றாள்.

அவள் வீட்டு ரேடியோ பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. லயம் முழுக்கத் தெரிந்த விஷயம் அது. ஆனால் பிரதாப் அவளுடைய சொந்த அக்கா மகன். பெற்றவள் செத்த பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்ததும் இவள்தான். ரத்தம் ரத்தத்தைத்தானே காப்பாற்றும் என்று தனுஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சுவரை அவள் நம்புவதில்லை.

கை ஒடிந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் ஜெனிதா மிஸ் வந்தாள். ஹட்டனில் பெண்களுக்கு உதவி செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பெரிய பைல். அவள் கூட்டிப்போய்த்தான் தனுஜா கோர்ட்டுப் படி ஏறினாள். போன திங்கட்கிழமை உத்தரவு கிடைத்தது.

வெளியே வந்து, தேத்தண்ணிக் கடையில் உட்கார்த்தி, மிஸ் பொறுமையாக விளக்கினாள்.

"இது அவர புடிச்சி மறியல்ல அடைக்கிற கேஸ் இல்லக்கா. அவரு ஒங்க காம்பராவுக்குள்ள வரக்கூடாது, கிட்ட வந்து பேசக்கூடாது, ஆள் விட்டு மிரட்டக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லுது. இப்ப கிடைச்சிருக்கது இடைக்கால உத்தரவு. பதினாலு நாளைக்குள்ள விசாரணை. அன்னைக்கு நீங்க வந்து நின்னாத்தான் ஒரு வருஷத்துக்கு உத்தரவு கேக்கலாம். அதுக்குள்ள அவரு மீறினாருன்னா, அதுக்குத்தான் மறியல்."

"வேலைத்தளத்துல வந்தா மிஸ்? அவரு கொழுந்து சாக்கு தூக்குறவரு. நான் கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை வரணுமே."

"வேலைய நிறுத்தச் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒங்க பிரதியும் வரும். அத பத்திரமா வச்சிக்கோங்க."

தனுஜாவுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. மகள் டிலுக்‌ஷி டிக்கோயாவில் பெரியம்மா, தனுஜாவின் அக்கா சண்முகவடிவு வீட்டில் இருக்கிறாள். ஒன்பது வயது. "அப்பா வரமாட்டாருன்னு பேப்பர் இருந்தாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வரப் பேப்பர் கேட்கிறது. அந்தப் பேச்சு ஒடிந்த கையைவிட அதிகமாக வலித்தது.

லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் போடுகிற நேரத்தில், கிளாக்கர் றொனால்ட் அந்தக் கட்டை எடுத்து வந்து கூப்பிடுவார். உறையில் யார் பேர் இருந்தாலும் அவர் கூப்பிடுவது வீட்டு ஆம்பிளையின் பேரைத்தான். தனுஜாவின் பேருக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகூட 'பிரதாப் வீடு' என்றுதான் வந்தது. அந்த வீட்டிலிருந்து யார் நின்றாலும் வாங்கிக்கொள்ளலாம். அவருடைய அப்பா கிளாக்கராக இருந்தபோதும் இதுதான் முறை.

வெள்ளிக்கிழமை காலை தூறலில் றொனால்ட் கத்தினார். "பிரதாப் வீடு! ஒரு கடுதாசி! கையெழுத்து வச்சி எடு!"

பிரதாப் அன்று வேலைக்கு வரவில்லை. தனுஜா ஓடிப்போனாள். நீள உறை. அவளுக்குப் படிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதி, மேலே அரசாங்க முத்திரை. மிஸ் சொன்ன பிரதி வந்துவிட்டது. கிளாக்கர் நீட்டிய துண்டில் கையெழுத்து வைத்துவிட்டு, உறையை மடியில் சொருகித் திரும்பியபோது நாகலெட்சுமி கிளாக்கரிடம் ஏதோ குசுகுசுவென்று கேட்டுக்கொண்டிருந்தாள். தனுஜா பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

உறையைப் பொலித்தீனில் சுற்றி, தகரப் பெட்டியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிக் கயிற்றிலேயே முடிந்துகொண்டாள். அந்தக் கயிற்றால் ஆன ஒரே பிரயோசனம் அதுதான்.

நாகலெட்சுமியைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது சனிக்கிழமை. கையில் போனை எடுத்தாள். யாருக்கும் அழைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினாள்.

"ஆமாக்கா, நாளைக்கு ஒம்பது மணி பஸ்ல வர்றேன். நானுஓயா ஸ்டேசன்ல நில்லு."

ஞாயிறு ஒன்பது மணிக்கு அவள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. மேலே தேயிலைக்குள் குந்தியிருந்து பார்த்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிரதாப் வந்தான். புதுச் சட்டை. பஸ் வந்து நின்றதும் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தான். பிறகு காறித் துப்பிவிட்டு மேட்டு லயத்துக்கு, அவன் இப்போது தங்கியிருக்கிற அண்ணன் வீட்டுக்கு, திரும்பி நடந்தான்.

தனுஜாவுக்குச் சந்தோஷமா துக்கமா என்று புரியவில்லை. நினைத்தது சரியாகிவிட்டது. சரியாகாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து மிஸ்ஸுக்குப் போன் பேசுவதென்றால் தேயிலைக்குள்ளே போய்ப் பேசினாள்.

செவ்வாய்க்கிழமை மாலை பிரதாப் நேராகவே வந்துவிட்டான். கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பாதி பிய்ந்து தொங்கியது.

"என் வூட்டுக்கு என்னைய வரவேணாமுன்னு சொல்ல எவன்டி அவன்?"

தனுஜா உள்ளே அம்மிக்கல்லைக் கதவோரம் தள்ளி வைத்துக்கொண்டு பொலிசுக்கு அழைத்தாள். அவன் மூன்றாம் தடவை உதைத்தபோது பக்கத்தில் நாகலெட்சுமியின் கதவு திறந்தது. விளக்குமாற்றால் கூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, சர் சர்ரென்று, மழை பெய்துகொண்டிருக்கிற வாசலை. கொஞ்ச நேரத்தில் அவன் போய்விட்டான். வேடிக்கை பார்க்கத்தான் வெளியே வந்தாள் என்று தனுஜா மனசுக்குள் திட்டினாள்.

பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். தமிழ் கொஞ்சம் பேசுவார். பிரதாப்பைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, பூனை மாதிரி நின்றான்.

"எனக்கு ஒரு பேப்பரும் வரல சேர். என் சொந்த வூட்டுக்குத்தான் போனேன். வேணுமுன்னா தேடிப் பாருங்க."

தனுஜா பெட்டியைத் திறந்து தாளை மட்டும் எடுத்து வந்து நீட்டினாள். உறையை எடுக்கவில்லை. சார்ஜன்ட் பார்த்தார், தலையாட்டினார்.

"இது சரி. ஸ்டேசன்லயும் இருக்கு. ஆனா இது ஒங்க கையில இருந்து வேல இல்ல. அவரு கையில குடுத்திருக்கணும். குடுத்தாத்தான் மீறினதுன்னு புடிக்கலாம்."

கதவை உடைத்ததற்கு எச்சரித்துவிட்டுப் போனார். பிரதாப் சிரித்துக்கொண்டே மேடேறினான். அந்தச் சிரிப்பில் தனுஜாவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

அவனுக்கு வந்த பேப்பர் எங்கே போயிற்று? கோர்ட்டு அனுப்பியது அனுப்பியதுதான் என்று மிஸ் அடித்துச் சொல்கிறாள். அப்படியென்றால் யாரோ அமுக்கிவிட்டார்கள். கிளாக்கரா? அவருக்கு என்ன லாபம்? குசுகுசுத்தது யார்? நாகலெட்சுமி. அக்கா மகனுக்கு வந்த வில்லங்கத்தை வாங்கி அடுப்பில் போட்டிருப்பாள். நான்கு நாள் அவள் எட்டாம் நம்பர் சாம்பலைக்கூடத் தள்ளி நின்று பார்த்தாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நாகலெட்சுமி "கை வலி எப்பிடிடி?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

விசாரணை நாள் வந்தது. கோர்ட்டில் பிரதாப் இல்லை. மிஸ் ஏற்பாடு செய்திருந்த சட்டத்தரணி பைலைப் புரட்டி, முகம் மலர்ந்து, தனுஜாவின் காதில் சொன்னார்.

"உத்தரவ வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கு. வாங்கிட்டும் வரல. நமக்கு நல்லதுதான். இன்னைக்கே ஒரு வருஷத்துக்குக் கேக்கலாம்."

வாங்கிவிட்டானா? பொய்காரப் பயல்! தனுஜா எட்டிப் பார்த்தாள். மஞ்சள் துண்டு. அடியில் நீல மையில் கையெழுத்து. மழைத்துளி பட்டு, வேறு யாராலும் வாசிக்க முடியாத அளவுக்குக் கரைந்திருந்தது. 'த' கோணலாக, 'ஜா'வின் கால் நீளமாக இழுத்து.

அது அவளுடைய கையெழுத்து.

வெள்ளிக்கிழமை. தூறல். 'பிரதாப் வீடு.' இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கூப்பிட்ட கடுதாசி உண்மையிலேயே பிரதாப்புக்கு வந்தது, அன்றைக்கு அவள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். கோர்ட்டு ஆள் ஒபீசில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், கிளாக்கர் வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார். அவனைக் கட்ட வந்த கயிற்றைக் கூறைச் சேலைக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அடுப்புச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொண்டால் இன்றைக்கே ஒரு வருஷம். டிலுக்‌ஷி சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறகு பிரதாப்பின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நாளைக்கு அவன் சார்ஜன்ட் முன்னால் அதே பூனைபோல நின்று, அது என் கையெழுத்தே இல்லை சேர், எல்லாம் இவள் செய்த வேலை என்பான். அந்த ஒன்றில் அவன் சொல்வது உண்மையாக இருக்கும். அதற்குப் பிறகு அவள் ஒடிந்த கையைக் காட்டினாலும் யார் நம்புவார்கள்?

"மிஸ்," என்றாள். "அது நான் வச்ச கையெழுத்து."

சட்டத்தரணியின் முகம் சுருங்கியது. மொழிபெயர்க்கிற முதலியார் அவள் சொன்னதைச் சிங்களத்தில் நீதவானுக்குச் சொன்னபோது, கோர்ட்டில் இரண்டொருவர் சிரித்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. நீதவான் சிரிக்கவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த விசாரணைத் தவணை வரை இடைக்கால உத்தரவு இருக்கும், புதிய பிரதியைப் பொலிசார் எதிராளியின் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார்.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் மேட்டு லயத்துக்குப் போனது. அவன் வலப்பனைக்குப் போய்விட்டான் என்றாள் அண்ணன் பெண்சாதி. அவன் கட்டிலுக்கு அடியில் இருந்திருப்பான். அன்றும் அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் தனுஜா தேயிலைக்குள்ளிருந்து மிஸ்ஸை அழைத்தாள். "வூட்டுல தேடுனா கிடைக்க மாட்டாரு மிஸ். பெரட்டுல வச்சிக் குடுக்கச் சொல்லுங்க. மூணு நாள் பேரு விழலைன்னா சாக்கு வேலை வேற ஆளுக்குப் போயிரும். நாளைக்கு வருவாரு." சொல்லும்போது அவளுக்கே அது பாதி நம்பிக்கைதான்.

மாலை மிஸ் திருப்பி அழைத்தபோது கொட்டுகிற மழை. வெளியே போக வழியில்லை. தகரத்தில் விழுகிற இரைச்சலில் மிஸ்ஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தனுஜா கத்தினாள்.

"ஆமா மிஸ்! நாளைக்குத்தான்! பெரட்டுக்கே வரச் சொல்லுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி கலக்குகிற சத்தம் நின்றிருந்தது. பிறகு கதவு திறந்தது. தனுஜா ஜன்னல் இடுக்கால் பார்த்தாள். நாகலெட்சுமி குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் மேட்டு லயத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று தனுஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுத்த தவணைக்கும் அவன் கையில் பேப்பர் இராது. அதற்கடுத்ததற்கும் இராது. டிலுக்‌ஷிக்கு என்ன சொல்வது? அரைமணி நேரத்தில் நாகலெட்சுமி திரும்பி வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்டது. சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"தனுஜா, நாளைக்கு வேலைக்கு வர்றியாடி?"

"ஒடம்புக்கு முடியல," என்றாள் தனுஜா. குரலில் விஷம் இருந்தது. மறைக்க முயலவில்லை.

ஆனாலும் காலையில் போனாள். போகாமல் எப்படி இருப்பது? பெரட்டுக் களத்தில் பனி கலையவில்லை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சார்ஜன்ட் ஒபீஸ் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பேர் கூப்பிட ஆரம்பித்தார். தனுஜா ஆண்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

"பிரதாப்!"

"ஐயா!"

வந்திருக்கிறான்! தனுஜா அப்போதுதான் ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

சார்ஜன்ட் வெளியே வந்தார். "பிரதாப் கவுத?" என்று சிங்களத்தில் யாரென்று கேட்டுவிட்டு, தமிழிலும் கேட்டார். "யாரு பிரதாப்?"

மழைக்குப் போர்த்திய நீலப் பொலித்தீன்கள் முப்பது நாற்பது. அதில் ஒன்று மெல்லப் பின்னால் நகர்ந்தது. கண்டாக்கு செக்ரோல் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார், பேர் அங்கே ஓடி ஒளிந்துகொண்ட மாதிரி. சங்கத்துத் தலைவர் தொண்டையைச் செருமினார். "இப்பதாங்க வந்திட்டுப் போனான் போல." தோட்டத்து விஷயத்துக்குப் பொலிஸ் வருவது யாருக்கும் பிடிப்பதில்லை. கை ஒடிந்தவள் எதிரில் நிற்கிறாளே என்று ஒருத்தருக்கும் படவில்லை. தனுஜா ஓரடி முன்னால் வைத்தாள்.

"போகல சேர். அந்தா நிக்கிறான்."

நாகலெட்சுமி பெண்கள் வரிசையிலிருந்து முன்னால் வந்திருந்தாள். கை நீட்டிக் காட்டினாள். "அந்த மூணாவது ஆளுக்குப் பின்னால. நான் வளத்த புள்ள. மூடிக்கிட்டாலும் எனக்கு நடை தெரியும்."

ஆண்கள் தாமாகவே விலகினார்கள். கிளாக்கர் றொனால்ட், பழக்கதோஷம் விடவில்லை, கையை நீட்டிக்கொண்டு வந்தார். "குடுங்க சேர், நான் வீட்டுக்கு…"

"வேணாங்க," என்றாள் தனுஜா. "அவரு கையில குடுங்க."

சார்ஜன்ட் அவன் கையிலேயே கொடுத்தார். கையெழுத்து வாங்கினார். ஏழாம் நம்பர் காம்பராவுக்குள் போகக்கூடாது, தனுஜாவோடு பேசக்கூடாது, மீறினால் ஒரு வருஷம் வரை மறியல் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிரதாப் தனுஜாவைப் பார்க்கவில்லை. நாகலெட்சுமியைப் பார்த்தான்.

"நீதானே சின்னம்மா நேத்து மழையில வந்து, சாக்கு வேலைக்கு வேற ஆளு போடப் போறாங்க, கட்டாயம் வான்னு சொன்ன?"

"ஆமா," என்றாள் நாகலெட்சுமி. "நாந்தான் சொன்னேன்."

அன்று மாலை தனுஜா காம்பராவுக்குள்ளேயே நின்று, குரலைத் தணிக்காமல், அக்காவுக்குப் போன் பேசினாள். சனிக்கிழமை டிலுக்‌ஷியைக் கூட்டி வரச் சொன்னாள். பேப்பர் அவன் கைக்குப் போய்விட்டது என்று பிள்ளையிடம் சொல்லச் சொன்னாள். பிறகு புதுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பேப்பர் பேப்பர்தான், தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான்.

அந்தப் பக்கம் கரண்டி கோப்பையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"சின்னத்த," என்றாள் தனுஜா சுவரைப் பார்த்து. "நானுஓயாவுக்குப் போறேன்னு நான் சும்மா சொன்னத அவருகிட்ட சொன்னது நீங்கதானே?"

கரண்டி நின்றது. "நாந்தான். அவன் வந்து கேட்டான். சொல்லலைன்னா என் கதவையும் ஒதைப்பான்னு பயந்துட்டேன்."

தனுஜா ஒடிந்த கையைத் தடவிக்கொண்டாள். கேட்கவா வேண்டாமா என்றிருந்தது.

"அன்னைக்கு என்னைய அடிச்சப்ப… ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

தகரத்தில் மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய்ப் படுத்துவிட்டாள் என்று தனுஜா நினைத்த பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

"கேட்டுச்சுடி. எலும்பு ஒடிஞ்ச சத்தங்கூட கேட்டுச்சு. அடுத்த தவணைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. அங்க வந்து சொல்றேன்."